‘குடும்பம் மட்டும்’ என்று எழுதிய மகனுக்கு

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த நாளிலேயே உன் அப்பா அப்படித்தான் பழக்கியிருக்கிறார். சுகம்தான். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. எதிர்மலை கண்ணுக்குத் தெரியாதபடி காலையெல்லாம் பனி மூடிக்கிடக்கிறது. ஆனால் எனக்கு உன்மேல் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைக் கொஞ்சம் பொறுமையாக எழுத வரும் என்று பார்க்கிறேன். உன் கடிதத்துக்கு அப்பாதான் பதில் எழுதுவதாக இருந்தார். அவர் எழுதினால் நாலு வேதவசனமும் ஒரு ஆசீர்வாதமும் போட்டு, சொல்ல வேண்டியதைக் கடைசி வரைக்கும் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூட அதட்டத் தெரியாத வாத்தியார் அவர். அதனால் பேனாவை நான் வாங்கிக்கொண்டேன்.

நீ எழுதியதை உனக்கே ஒரு தடவை எடுத்துச் சொல்கிறேன், கேள். ‘இந்த வருஷம் கிறிஸ்மஸை வீண் ஆரவாரம் இல்லாமல், விசுவாசத்தோடும் குடும்பத்தோடும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். பிள்ளைக்கு இது முதல் கிறிஸ்மஸ். நீங்களும் அப்பாவும் கட்டாயம் மஸ்கெலியாவுக்கு வந்துவிட வேண்டும்.’ இது வரைக்கும் படித்தபோது எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அடடா, பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த ஸ்தோத்திரம் வாயை விட்டு வெளியே வருவதற்குள் அடுத்த வரி. ‘மாமாவை இந்தத் தடவை கூட்டி வர வேண்டாம். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை. குடும்பம் மட்டும் இருக்கிற இடத்தில் அவருக்கும் சங்கடமாக இருக்கும்.’ எவ்வளவு பக்குவமாக எழுதியிருக்கிறாய்! அவருக்குச் சங்கடமாக இருக்குமாம். அவர்மேல் உனக்கு இவ்வளவு கரிசனம் இருக்கிறது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

சரி, மார்க்கம்தான் காரணம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். தாளைத் திருப்பினால் அந்தப் பக்கத்தில் யார் யார் வருகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஹட்டனிலிருந்து உன் மாமனார், மாமியார். சந்தோஷம், அவர்கள் வரத்தான் வேண்டும். பிறகு உங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், அவர் வீட்டம்மா, பிள்ளைகள். மகனே, பெரிய கிளாக்கர் எந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தார்? போன தடவை உன் குவாட்டர்ஸுக்கு வந்தபோது நானும் அவரைப் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதியும் நடுவில் சந்தனப் பொட்டுமாக உட்கார்ந்து நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்தாரே. நல்ல மனிதர், அவர் வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய விபூதிக்குச் சங்கடம் வராத வீட்டில் உன் மாமாவின் விபூதிக்கு மட்டும் எங்கிருந்து சங்கடம் வந்தது? கிளாக்கர் குடும்பம் ஆகிவிட்டார், என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் வெளியாள் ஆகிவிட்டார். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்? உன் அப்பா பள்ளிக்கூடத்தில் நிச்சயமாக இல்லை.

நான் சொல்கிறேன் காரணத்தை. உன் கருப்பையா மாமா லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிற ஆள். இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு லயம் லயமாகப் போய் அடித்து, தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்புகிறவர் அவர்தான். அவர் அடித்தால்தான் ஆட்கள் எழுந்து பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்பார்கள், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிட்டு யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பிரித்து விடுவார். நீ இப்போது சின்ன டீமேக்கர். தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள் காற்சட்டையும் சப்பாத்துமாக நிற்கிறாய். உன் வீட்டு விறாந்தையில் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும்போது ‘உங்க மாமா எங்க வேலை?’ என்று யாராவது கேட்டால், என்ன சொல்வது? அதுதானே? அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு கர்த்தரை இழுத்து முன்னால் நிறுத்திவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாய். ஒளிவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லையா உனக்கு?

விசுவாசம், குடும்பம் என்று எழுதியிருக்கிறாயே, நம் வீட்டில் கிறிஸ்மஸ் எப்படி வந்தது என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்து ஆட்களிடமிருந்து ஓட்டுரிமையைப் பிடுங்கிக்கொண்டதற்கு அடுத்த வருஷம் அது. உனக்கு ஆறு வயது முடியவில்லை. தோட்டத்தில் நாம் நாலைந்து கிறிஸ்தவக் குடும்பம்தான். கோயில் கிடையாது, பள்ளிக்கூடத்து வாங்குப் பலகைகளைத் திருப்பிப் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவார் அப்பா. அதற்கு முந்திய வருஷங்களில் எல்லாம் கிறிஸ்மஸ் என்றால் குளிரில் நடுங்கிக்கொண்டு தலவாக்கலைக்குப் போய், கடைசி வாங்கில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதுதான். அந்த வருஷம் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, நம் தோட்டத்திலேயே விடியற்காலைப் பஜனை வைக்க வேண்டும், ஒவ்வொரு லயத்துக்கும் போய்ப் பாட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பாட நாங்கள் இருந்தோம். டோலக் ஒன்று தலவாக்கலைச் சபையிலிருந்து வாங்கி வந்து வைத்திருந்தார். இந்தப் பனியில் தோல் தொய்ந்துபோய், கையால் தட்டினால் நனைந்த சாக்கைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்பா முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. நான்தான் அண்ணனைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன்.

அண்ணன் வந்தார். குளிருக்குச் சுள்ளி மூட்டித் தப்பைக் காய்ச்சினார். எல்லாம் சரிதான், எதை அடிப்பது? நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. அவர் யோசித்தார் போலிருக்கிறது. பிறகு அவரே எனக்குச் சொன்னார்: “சாவுக்கு அடிக்கிறத அடிக்க முடியுமா? புள்ள பொறந்த நாளு. கோயில் திருவிழாவுக்கு அடிக்கிறது ஆத்தாளுக்கு உள்ளது, அத எடுத்து ஒங்க சாமிக்கு அடிச்சா ரெண்டு பேருக்கும் மரியாத இல்ல. பெரட்டுக்கு அடிக்கிறது ஒண்ணுதான் எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாதது. அதத்தான் அடிச்சேன்.” அதைத்தான் அடித்தார், அதுவும் பண்டிகை என்பதால் எப்போதையும்விடப் பலமாக. நாங்கள் முதல் லயத்தில் ஒரு பாட்டை முடித்து இரண்டாவதைத் தொடங்குவதற்குள் தோட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. கிறிஸ்மஸுக்கு லீவு என்று துரை சொல்லியிருந்தாரே, லீவை இரத்துப் பண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஒவ்வொரு காம்பராவிலும் சாபம் போட்டுக்கொண்டே அவ்வளவு பேரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கொழுந்துக்கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாகப் போய்ப் பெரட்டுக்களத்தில் நின்றுவிட்டார்கள். நாங்கள் பாடிக்கொண்டே திரும்பி வந்து பார்த்தால் களம் நிறைய ஆட்கள்! அப்பாவுக்கு வாயில் இருந்த பாட்டு அப்படியே நின்றுபோயிற்று.

கண்டாக்கு ஐயா பாதித் தூக்கத்தில் கம்பளிச் சட்டையை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். “பெரட்டே இல்லன்னு சொன்ன நாளுல பெரட்டு எவன்டா கூட்டுனது? யாரு தப்பு இது?” என்று ஒரே கத்தல். அந்த நேரத்தில் அப்பா தன் பெயரைச் சொல்லத் தயாராகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். கனைத்து முடிப்பதற்குள் உன் மாமா கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டி, “எந்தப்புதாங்க ஐயா” என்றார். முதலில் யாரோ ஒரு கிழவி சிரித்தாள், பிறகு களம் முழுவதும் சிரித்தது, கண்டாக்கு ஐயாவும் வேறு வழியில்லாமல் சட்டையின் மற்றக் கையைத் தேடிக்கொண்டே சிரித்துவிட்டார். எழுப்பியது எழுப்பியாயிற்று, வந்தவர்களைச் சும்மா அனுப்புவதா என்று அப்பா மேடான இடத்தில் ஏறி நின்று மேய்ப்பர்களின் கதையைச் சொன்னார். குளிரில், கம்பளியோடு, வேலைக்குக் கிளம்பின கோலத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியே இருக்கவில்லை. நீ மாமா தோளில் உட்கார்ந்திருந்தாய். கதை முடிந்ததும் நம் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் இருந்த பானைகளில் எல்லாம் தேத்தண்ணி வைத்து ஊற்றினோம். இந்தத் தோட்டத்தில் கிறிஸ்மஸ் அப்படித்தான் பிறந்தது. மாமா அடிக்காமல் இருந்திருந்தால் நாலு குடும்பம் பாடிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு எந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் வராமல் இருந்தார், சொல்லு பார்ப்போம். முதல் நாளே வந்து பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கழுவி, சைப்பிரஸ் கிளையை வெட்டி வந்து கதவில் கட்டுவார். ஆராதனையில் கடைசி வாங்கில் உட்காருவார். கல்யாணத்தோடு மார்க்கம் மாறியவள் நான்தான், அவர் இல்லை; விபூதியை அழித்துக்கொண்டு வர மாட்டார், நாமும் அழிக்கச் சொன்னதில்லை. எல்லோரும் முழங்கால் போடும்போது அவர் மட்டும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்வார், துரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி. போதகர் வந்து நற்கருணை கொடுக்கிற வருஷங்களில், கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் முன்னால் போவார்கள். ஒரு கையில் இரண்டு, இன்னொரு கையில் இரண்டு என்று வாசலில் நின்று ஆட்டிக்கொண்டிருப்பார். “எல்லாரும் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வாங்க, அவசரப்படாதீங்க” என்று அங்கிருந்தே சத்தம் போடுவார். போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபம் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று உனக்குத் தெரியாதா? நீ பக்கத்திலேயே நின்று பார்த்தவன்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்குக் கோபம் குறைய வேண்டும், மாறாக ஏறிக்கொண்டே வருகிறது. உன் தங்கச்சி நம்மை விட்டுப் போன அந்த வருஷத்தை எடுத்துக்கொள். அந்த ஐப்பசி மழையில் அவளுக்கு நெஞ்சுச் சளி கட்டி, லிந்துலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. நம் முறைப்படி அடக்கம் பண்ணினோம், தப்பு வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். தோட்டத்தில் ஒரு பிணத்துக்கும் வெறுங்கையோடு போகாத மனிதர், தன் மருமகளுக்குப் பின்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்து வந்தார். கிறிஸ்மஸ் வந்தது. எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பிறந்தது என்று யாரும் என் காதில் சொல்லக்கூடாது என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். அப்பாவும் சோர்ந்துபோய் வேதாகமத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஆமாம், உன் அப்பாதான். அன்றைக்கு உன் மாமா வந்து வீட்டைக் கூட்டினார், விளக்கேற்றினார், பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து உன் கையில் கொடுத்து, “எதுடா அந்த மாட்டுத் தொழுவத்துக் கதை? படி. ஒங்கம்மா கேக்காட்டி பரவாயில்ல, நான் கேக்குறேன்” என்றார். நீ எழுத்துக்கூட்டிப் படித்தாய். தொழுவம் வந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். எதனால் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. உன்னைப் படிக்கச் சொல்லி அவர் நின்ற நிலையைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். தன் ஒரே குழந்தையையும் பறிகொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு உன் மாமியையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவர் அவர். எனக்கு வந்த துக்கத்தை அவர் முன்னாலேயே பட்டவர். அந்த வருஷம் நம் வீட்டில் விசுவாசத்தைப் பிடித்து வைத்திருந்தது யார்? நீ சொல்லு. அவர் மார்க்கத்தார் இல்லை என்று எழுதுகிற கை அன்றைக்கு அவர் கொடுத்த புத்தகத்தைப் பிடித்த கைதானே?

என்மேலும் குற்றம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. நீ படிக்காமல் பந்து விளையாடப் போனால், “படிக்காட்டிப் போயித் தப்படி” என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருக்கும்போதே திட்டியிருக்கிறேன். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, “ஆமாடா மாப்புள, கை காச்சிப் போகும், படி” என்பார். அந்தத் திட்டிலிருந்து நீ பொறுக்கி எடுத்துக்கொண்டது இதுதான் என்றால், அதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதியை நீதான் சுமக்க வேண்டும். உனக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது.

கேக் வேண்டாம் என்றோ மரம் வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. நுவரெலியாவில் சொல்லி வைத்துக் கேக் வாங்கு. மரத்தில் பஞ்சை ஒட்டு. கிராமபோனை வைத்துப் பாட்டுப் போடு, உன் மாமனாருக்குப் பிடிக்கும். மருமகளை நான் இதில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்; அவள் மாமாவைப் பார்த்ததே உங்கள் கல்யாணத்தில் ஒரு தடவைதான், அவரிடம் ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தவள் அவள், நீ இல்லை. பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு ஊரைக் கூட்டி விருந்து வை. எவ்வளவு பேரை வேண்டுமானாலும் கூப்பிடு, அதனால் கிறிஸ்மஸ் கெட்டுப்போகாது. வர வேண்டிய ஒருவரை வர வேண்டாம் என்று சொல்லும்போதுதான் அது கெட்டுப்போகிறது. சத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவனையும் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அவன் கெட்டவனாக இருந்திருக்க மாட்டான். அன்றைக்கு அவன் சத்திரத்திலும் யாரோ ஒரு பெரிய கிளாக்கர் தங்கியிருந்திருப்பார்.

இனி நடந்ததைக் கேள், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. உன் கடிதம் வந்த அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் வந்தார். தபால் வந்த செய்தி எப்படித்தான் அவருக்குப் போய்ச் சேருமோ. வாசலில் குந்திக்கொண்டு, தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உன் கடிதம் என்றால் அப்படித்தான், நீயே வந்து நிற்கிற மாதிரி. “என்ன எழுதியிருக்கான் மாப்புள? படி தங்கச்சி” என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். எனக்குப் படிக்கத் தெரிந்ததை அன்றைக்குத்தான் நொந்துகொண்டேன். முதல் வரிகளை எழுதியிருந்தபடியே படித்தேன். அந்த வரி வந்தது. தாளை விளக்குப் பக்கம் சாய்த்துக்கொண்டேன். பிறகு படித்தேன்: ‘மாமாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். மாமா மடியில் வைத்துத்தான் பிள்ளைக்கு முதல் கேக் ஊட்ட வேண்டும் என்று இருக்கிறோம்.’ கேக் ஊட்டுவது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பொய் சொல்லத் தொடங்கினால் அது பாட்டுக்கு வளர்கிறது. “இன்னொரு தடவ படி” என்றார். இரண்டாம் தடவையும் அதே வார்த்தைகள் வர வேண்டுமே என்று எனக்கு இந்தக் குளிரில் வியர்த்துப்போயிற்று. முடித்ததும் கடிதத்தைத் தரச் சொல்லிக் கேட்டார். எப்படி மறுப்பது? வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் அப்பா சொன்னார், “பொய் சொல்லிட்டியே.” எனக்கு வந்ததே ஆத்திரம். “ஆமா, சொன்னேன். ஒங்க மகன் எழுதுனத அப்பிடியே படிக்கணும்னா நீங்க படிங்களேன். அண்ணன் இன்னும் பாலத்தக்கூடத் தாண்டல. கூப்புடட்டுமா?” என்றேன். வாத்தியாருக்கு உடனே இருமல் வந்துவிட்டது.

சனிக்கிழமை அண்ணன் லிந்துலைக்குப் போனார். பாய் கடையில் பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கினார், நீல நிறம், காதை மூடுகிற மாதிரி. சாயங்காலம் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “பாய்கிட்டயும் அந்தக் கடுதாசியக் குடுத்தேன் தங்கச்சி. இன்னொரு தடவ கேக்கணும்போல இருந்துச்சு” என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லோருக்கும் கடிதம் படித்துக் காட்டுகிறவர் அந்தப் பாய். எழுத்து மாறாமல் படிப்பார். “என்ன படிச்சாரு?” என்று கேட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியை மடித்து என் கையில் வைத்துக்கொண்டே, “நீ படிச்ச மாதிரியேதான் இருந்துச்சு. மடியில வச்சு கேக்கு ஊட்டணும்னு, அதும் இருந்துச்சு” என்றார். பிறகு எழுந்துகொண்டே, “எனக்கு மொழங்காலு சரியில்ல. ஹட்டன்ல பஸ் மாறி மஸ்கெலியா வரைக்கும் வர முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயித் தொப்பியக் குடுத்துட்டு வாங்க. மாப்புளகிட்ட நான் கோவிச்சுக்கலன்னு... இல்ல, ஒண்ணும் சொல்ல வேணாம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

மகனே, மடியில் வைத்துக் கேக் ஊட்டுவது நான் கட்டியது. உன் கடிதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. பாய் அதைப் படித்திருக்க முடியாது. நீ எழுதியதைத்தான் பாய் படித்திருக்கிறார், அண்ணன் அதை ஒரு கடை நிறைய ஆட்களுக்கு நடுவில் நின்று கேட்டிருக்கிறார். கேட்ட பிறகுதான் அந்தத் தொப்பியை வாங்கியிருக்கிறாரா, அதற்கு முன்னால் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியமில்லை. இங்கே வந்து, நான் பொய் சொன்னது எனக்கு வெட்கமாகப் போய்விடக்கூடாது என்று எனக்காக அவர் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முழங்காலுக்கு ஒன்றுமில்லை, இன்று காலையில்கூட மேட்டு லயம் வரைக்கும் ஏறித் தப்படித்தார். நான் படுக்கையில் கிடந்து கேட்டேன். அழுதேன். அப்பாவும் கேட்டார்.

தொப்பி என் பெட்டியில் இருக்கிறது. நான் அதை எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை. அவர் வராமல் நானும் வர மாட்டேன், அப்பாவும் வர மாட்டார். எங்களுக்குக் கிறிஸ்மஸ் இங்கே பள்ளிக்கூடத்தில்தான். பேரப்பிள்ளையின் முதல் கிறிஸ்மஸைப் பார்க்காமல் இருப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ கேட்க வேண்டாம். எனக்குச் சமாதானம் சொல்லியும் எழுத வேண்டாம், மன்னிப்புக் கேட்டும் எழுத வேண்டாம். இன்னும் நாள் இருக்கிறது, உட்கார்ந்து உன் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. அவர் பெயரிலேயே போடு. நான் அவருக்குப் படித்துக் காட்டியதை அப்படியே எழுது, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். இந்தத் தடவை அதை நான் படிக்கப்போவதில்லை. பாய் படிக்கட்டும்.

அம்மா